பெரிய அறிக்கை எடுக்கும்போது மட்டும் தரவுத்தள இணைப்பு அறுகிறதே, டேபிள் பழுதா?

பில் போடும்போது ஒரு குறையும் இல்லை, மாத முடிவு அறிக்கை எடுத்தால் மட்டும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 2013 என்ற எண்ணுள்ள பிழை காட்டி இணைப்பு அறுகிறது, டேபிளை ரிப்பேர் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு டேபிளில் கை வைக்காதீர்கள். அறிக்கைக்காகத் தரவுத்தளத்திடம் கேட்கும் அதே வினவலை, தரவுத்தளம் இருக்கும் கணினியான சேர்வரிலேயே உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள். அங்கே முழுதாக வந்தால் தரவில் பழுதில்லை, அது வரும் நெட்வொர்க் வழியில்தான் பழுது.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு மருந்துக்கடையில் எனக்கு இதே அனுபவம். "தம்பி, போன கிழமைப் பேக்கப்பைப் போட்டு விடுவமோ?" என்று முதலாளி கேட்டார். போட்டிருந்தால் அந்தக் கிழமை விற்பனைக் கணக்கு முழுவதும் போயிருக்கும்.

சேர்வரில் அறிக்கை உடனே வந்தது. கடையின் மற்றக் கணினிகள் எதிலும் வரவில்லை. அப்படியென்றால் எல்லோருக்கும் பொதுவான பாதை, அதாவது சேர்வரின் கேபிள் அல்லது கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் பெட்டியில் அது சொருகியிருக்கும் போர்ட். சேர்வருக்குச் சோதனைச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங்கை வெறுமனே கொடுத்தால் ஒன்றும் தவறவில்லை. 1472 பைட் அளவில் கொடுத்தபோதுதான் இடையிடையே தவறியது. தலைப்பு 28 பைட்டும் சேர்ந்து 1500, ஈதர்நெட்டின் வழக்கமான முழு அளவு. சேர்வர் லினக்ஸ் என்பதால், நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளையில் பார்த்தேன். சிஆர்சி பிழை, அதாவது வழியில் தரவு சிதைந்ததைக் காட்டும் பிழை, அதன் எண்ணிக்கை கண்முன்னே ஏறிக்கொண்டிருந்தது.

தரவு சிறு சிறு பாக்கெட்டுகளாகத்தான் போகும். சிஆர்சி பிழையான பாக்கெட்டை நெட்வொர்க் கார்டு சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். தரவு ஒழுங்காகப் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி அதைத் திரும்ப அனுப்பும், ஆனால் தொடர்ந்து தவறினால் காத்திருக்கும் நேரம் இரட்டித்துக்கொண்டே போகும். ஒரு பில் ஓரிரு பாக்கெட்டில் முடிந்துவிடுகிறது. அறிக்கைக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். அனுப்ப முடியாமல் 60 விநாடி தேங்கினால் மைஎஸ்கியூஎல் தானே இணைப்பைத் துண்டிக்கும். அந்த நேரத்தைக் கூட்டி வைப்பது பழுதை மறைக்குமே தவிரத் தீர்க்காது. சுவிட்ச்சில் பச்சை விளக்கு எரிகிறதே என்றும் நம்பிவிடாதீர்கள், எங்களுக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் முதலில் கேபிளை மாற்றினேன், எண்ணிக்கை நிற்கவில்லை. பக்கத்துப் போர்ட்டில் சொருகியதும் நின்றது, அறிக்கையும் வந்தது. அதற்கு முதல் கிழமை ஒரு பின்னேரம் பலத்த இடி மின்னல். போர்ட் அதில் அடிபட்டிருக்கலாம் என்பது என் சந்தேகம். யாரும் தெரியாமல் திரும்பச் சொருகாதபடி அதன்மேல் டேப் ஒட்டினோம். அப்புறம் சுவிட்ச்சையே மாற்றினோம்.