ஃபில்டர் மாற்றியும் ஜெட் எரிபொருள் தெளியவில்லையா?

வணக்கம் ஐயா. டர்பனில் உங்கள் டிரம்மிலிருந்து எடுக்கும் ஜெட் ஏ-1 விமான எரிபொருள், புது ஃபில்டர் போட்டும் மங்கலாகவே வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் கண்ணாடி ஜாடியில் பிடித்து ஆடாமல் வையுங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் வெறும் காற்றுதான். மேலிருந்து கீழாகத் தெளிந்தால் தண்ணீர். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம்.

ஃபில்டரின் முதல் அடுக்கு தூசி, துருவைப் பிடித்துக்கொண்டு, நுண்ணிய நீர்த்துளிகளை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கும். கனம் கூடி அவை அடியில் இறங்கும். மிச்சத் துளிகளை, தண்ணீர் ஒட்டாத டெஃப்லான் பூசிய வலை தடுக்கும். சரி, டிரம்மை சோப்பு போட்டுக் கழுவினீர்களா? சோப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் துளிகள் ஒன்றுசேராது, புது ஃபில்டரும் வீண் (நானும் பட்டவன்தான்). அப்புறம், ஃபில்டர் அடியில் தேங்கும் நீரைத் தினமும் வடிக்கிறீர்களா? காரணம் தெரியும்வரை அந்த எரிபொருளை விமானத்தில் ஊற்றாதீர்கள்.