டெஸ்க்டாப் நிறைய ஐகான், கேட்டால் ஒன்றும் கிடைப்பதில்லை

கேள்வி: கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பையன் தன் பழைய லேப்டாப்பை என்னிடம் கொடுத்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டான். ஆதார், பட்டா, சொத்து வரி ரசீது, மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. டாக்டர் பழைய ஸ்கேனைக் கேட்டபோது தேடி எடுக்க முடியவில்லை. ஃபோல்டர் எப்படிப் போட வேண்டும்?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: ஐயா, ஃபோல்டரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஃபைல்களின் பெயரைப் பாருங்கள். டவுன்லோட்ஸைத் திறந்தால் 'ஸ்கேன்0007', 'டாக்குமென்ட் (3)', 'ஐஎம்ஜி-20230412-டபிள்யூஏ0012' என்றுதான் வரிசையாக இருக்கும். ஸ்கேனரும் வாட்ஸப்பும் தம் வசதிக்கு வைத்த பெயர்கள் இவை. எத்தனை ஃபோல்டரில் பிரித்துப் போட்டாலும், டாக்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கும்.

என் கணினி வகுப்புக்கு வரும் பெரியவர்களுக்கு முதலில் நான் சொல்லிக்கொடுப்பது எஃப்2 விசை. ஃபைலை ஒருமுறை கிளிக் செய்து அதை அழுத்தினால் பெயரை மாற்றலாம். தப்பாகிவிட்டால் கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்துங்கள், பழைய பெயர் திரும்பிவிடும். பெயரின் கடைசியில் புள்ளி வைத்து பிடிஎஃப், ஜேபிஜி என்று தெரிந்தால் அதை மட்டும் தொட வேண்டாம். எந்த மென்பொருளில் திறப்பது என்று விண்டோஸ் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

பெயரில் தேதி, ஆள், விஷயம் என்ற வரிசை போதும். மனைவி பெயர் லட்சுமி என்று வைத்துக்கொண்டால்: '2024-03-12 லட்சுமி வயிறு ஸ்கேன்'. ஆண்டை முன்னால் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 12/03/2024 என்று அடித்தால் விண்டோஸ் ஏற்காது, ஃபைல் பெயரில் சாய்கோடு வரக்கூடாது. 12-03-2024 என்றால் ஏற்கும். ஆனால் பெயர்வாரியாக அடுக்கும்போது முதலில் உள்ள எண்ணைத்தான் பார்க்கும் என்பதால், 05-11-2021, 12-03-2024, 20-01-2020 என்று ஆண்டுகள் முன்னும் பின்னுமாகக் கலந்து நிற்கும். ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் தானாகவே கால வரிசையில் வந்துவிடும். ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் தேதியை எழுதுங்கள். பக்கத்தில் விண்டோஸ் காட்டுவது பெரும்பாலும் நீங்கள் டவுன்லோட் செய்த நாளாக இருக்கும்.

'மனைவி' என்று எழுதாமல் அவர் பெயரையே போடச் சொல்வதும் காரணத்தோடுதான். அவசரத்துக்கு அந்த லேப்டாப்பைத் திறப்பது உங்கள் பையனாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அவர்களுக்கும் புரிய வேண்டும்.

சரி, இனி ஃபோல்டர். கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புதிய ஃபோல்டர் வரும். வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரிலும் ஒன்று, நிலம்-வீட்டுக்கு ஒன்று, வங்கி-வரிக்கு ஒன்று. தொடங்குவதற்கு இவ்வளவு போதும். பலர் பிடிஎஃப் எல்லாம் ஓரிடம், படம் எல்லாம் ஓரிடம் என்று பிரிக்கிறார்கள். தயவுசெய்து அது வேண்டாம். டாக்டர் சீட்டைப் போனில் படம் எடுத்திருப்பீர்கள், லேப் ரிப்போர்ட் பிடிஎஃப்பாக வந்திருக்கும். ஒரே நாளில் ஒரே வைத்தியத்துக்கு வந்த இரண்டும் இரண்டு மூலைக்குப் போய்விடும். லட்சுமி அம்மாவின் ஃபோல்டரில் இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

ஏற்கெனவே குவிந்து கிடப்பதை உட்கார்ந்து பிரிக்க வேண்டாம். 'பழையவை' என்று ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அதற்குள் தள்ளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், பட்டா இரண்டையும் மட்டும் இன்றே தேடி எடுத்துப் பெயர் வையுங்கள். மற்றவற்றை எது எப்போது தேவைப்படுகிறதோ அப்போது எடுத்து, பெயர் மாற்றி, உரிய இடத்தில் வைத்தால் போதும். இன்று முதல் வருவதற்கு மட்டும் வந்தவுடனே பெயர் வைத்துவிடுங்கள்.

கேள்வி: தையல் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டது என்று சர்வீசுக்குக் கொடுத்தேன். விண்டோஸை புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். டி டிரைவில் இருந்தவை அப்படியே இருக்கின்றன, டெஸ்க்டாப்பில் வைத்திருந்த டிசைன்கள் எல்லாம் போய்விட்டன. எப்படி?
- ஒரு வாசகி, பரமக்குடி

பதில்: டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஒரு ஃபோல்டர், சகோதரி. கண்ணெதிரே தெரிவதால் பத்திரமான இடம் என்று தோன்றுகிறது. விண்டோஸைப் புதிதாகப் போடும்போது சி டிரைவை ஃபார்மட் செய்தால், அதாவது முழுவதும் துடைத்தால், அதுவும் சேர்ந்தே அழியும். நாமாக மாற்றி வைக்காதவரை டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றுக்கும் இதே கதிதான். சர்வீசுக்குக் கொடுக்கும் முன் இந்த நான்கையும் ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள்.

டி டிரைவில் இருந்தால் கவலையில்லை என்றும் நினைக்க வேண்டாம். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் சியும் டியும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் பழுதானால் இரண்டும் போகும். டிசைன்கள் உங்கள் பிழைப்பு. தனியாக ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, காப்பியை அதில் போட்டு, கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். போனவை திரும்ப வேண்டுமானால், அந்தக் கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் சேமிக்காமல் உடனே டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் காட்டுங்கள். பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால் வாய்ப்பு இருக்கிறது, எஸ்எஸ்டி எனப்படும் புதிய வகை என்றால் ரொம்பக் குறைவு.

கேள்வி: ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?
- ஒரு மாணவி, விருதுநகர்

பதில்: தாராளமாக. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறையில் அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் ஃபைல் பெயரில் ஆங்கில எழுத்துகள்தான் தாறுமாறாகத் தெரியும். விண்ணப்பத்தோடு இணையதளத்தில் ஏற்றும் சான்றிதழுக்கு மட்டும் ஆங்கிலத்தில் சின்னதாக, இடைவெளி இல்லாமல் பெயர் வைத்த ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சில தளங்கள் மற்றவற்றை ஏற்பதில்லை.