வீட்டில் செய்யும் கற்றாழை க்ரீம் எத்தனை நாள் தாங்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தர்மபுரியில் வீட்டிலேயே கற்றாழை க்ரீம் செய்கிறேன், இனி விற்கலாம் என்று இருக்கிறேன், வைட்டமின் ஈ சேர்த்தால் ஒரு வருடம் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்காது. வைட்டமின் ஈ எண்ணெயில் சிக்கு வாடை வருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான், பாக்டீரியாவும் பூஞ்சையும் அதற்கெல்லாம் அடங்காது.

கற்றாழைச் சோறு நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர், மீதியில் கிருமிகளுக்குத் தீனியாகும் சர்க்கரைகளும் இருக்கின்றன. அதனால் கிருமி வளராமல் தடுக்கும் பிரிசர்வேட்டிவ் கட்டாயம் வேண்டும். "இயற்கை" என்று லேபிளில் போட ஆசைப்பட்டு இதை விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும், ஏனென்றால் கண்ணுக்குப் பூஞ்சை தெரிவதற்கு முன்பே க்ரீமுக்குள் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா பெருகியிருக்கலாம், அது கண்ணில் பட்டால் கருவிழியையே கெடுக்கும்.

பெரும்பாலும் எல்லோரும் எடுப்பது சோடியம் பென்சோயேட். அது வேலை செய்வது அமில வடிவத்தில் இருக்கும்போதுதான். பிஹெச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம். அது 4.2 இருந்தால் பென்சோயேட்டில் பாதி அமிலமாக இருக்கும், 5.2 ஆனால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது, 6.2 என்றால் நூற்றில் ஒன்று. தேன்மெழுகும் வெண்காரமும் போட்டு க்ரீம் கட்டும் பழைய முறையில் பிஹெச் 8 பக்கம் போய்விடும், அதில் பென்சோயேட் போட்டும் போடாததும் ஒன்றுதான். அதனால் முதல் செலவு ஒரு பிஹெச் மீட்டராக இருக்கட்டும், கூடவே அதைச் சரிபார்க்க 4, 7 பஃபர் கரைசல்களும்.

சரி, சோதனை. ஒரே பேட்சை, விற்கப் போகும் அதே டப்பாவில் அடைத்து, ஒன்றை ஃப்ரிட்ஜில், ஒன்றை அலமாரி இருட்டில், ஒன்றை வெயில் படும் ஜன்னலோரத்தில், ஒன்றை 40 டிகிரி சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியில் வையுங்கள். மூன்று மாதம், முதலில் வாராவாரம், அப்புறம் மாதாமாதம் பிஹெச், நிறம், வாசனை, கெட்டித்தன்மை, எண்ணெய் பிரிகிறதா என்று நோட்டில் எழுதுங்கள். ஃப்ரிட்ஜில் இருப்பதுதான் ஒப்பிட்டுப் பார்க்க. பிஹெச் மெல்ல ஏறினால் வாசனை நன்றாக இருந்தாலும் அந்த ஃபார்முலா தேறாது.

நம் ஊருக்கு இதோடு நிற்கக் கூடாது. சித்திரை வெயிலில் பஸ்ஸில் போகும் பார்சலுக்குள் 40 டிகிரி தாண்டிவிடும், அதே டப்பா மார்கழியில் ஓசூர் குளிரில் கிடக்கும், அங்கே தேங்காய் எண்ணெயே உறைந்துவிடும். ஒரு நாள் சூட்டில், ஒரு நாள் குளிரில் என்று மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், பிரியும் க்ரீம் இதில் சீக்கிரம் பிரிந்துவிடும். கிருஷ்ணகிரி என்றாலே மாங்கூழ் தொழிற்சாலைகள்தானே, அதனால் மாங்கொட்டை வெண்ணெய் சேர்க்கலாமா என்று இங்கே பலர் கேட்கிறார்கள். அருமையான பொருள்தான், ஆனால் உடல் சூட்டுக்குப் பக்கத்திலேயே உருகும், உருகியது மெதுவாக ஆறினால் ரவை ரவையாகத் திரளும். தயாரிக்கும்போது வேகமாக ஆறவிட்டாலும், வழியில் உருகி ஆறினால் மறுபடி திரளும், ஆகவே அதையும் இந்தச் சூடு குளிர் சோதனையில் விட்டுப் பாருங்கள்.

கிருமிச் சோதனையை மட்டும் வீட்டில் செய்ய முடியாது. சேலஞ்ச் டெஸ்ட் என்று லேபில் கேளுங்கள், கிருமிகளை வேண்டுமென்றே க்ரீமில் கலந்து 28 நாள் பிரிசர்வேட்டிவ் அவற்றை அழிக்கிறதா என்று பார்ப்பார்கள். செலவு ஆகும், ஆனாலும் விட்டுவிடாதீர்கள். விற்பதற்கு, காஸ்மெடிக்ஸ் ரூல்ஸ் 2020-ன்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உற்பத்தி உரிமமும் வேண்டும்.

இதெல்லாம் முடியும்வரை க்ரீமை யாருக்கும் கொடுக்காமல், எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும் சேர்ந்த, தண்ணீரே இல்லாத களிம்பு (balm) செய்து பழகுங்கள். அதற்குத்தான் உங்கள் வைட்டமின் ஈ சரியாகப் பொருந்தும், ஈரக்கை வைக்காமல் எடுக்கச் சொன்னால் போதும்.