பள்ளி வகுப்பறையில் இணைய ஆய்வுத் தரவுத்தளங்களை எப்படிப் பயன்படுத்துவது? கட்டணமின்றிக் கிடைப்பவை எவை?

கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. பள்ளி ஆசிரியர் ஒருவர் காசு கொடுக்காமல் நுழையக்கூடிய இணைய நூலகங்கள் எவை என்பது ஒன்று; அவற்றைப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பது மற்றொன்று. முதல் பகுதிக்கான பட்டியல்கள் ஏராளமாகச் சுற்றுகின்றன. எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவிலேயே நான்கு கிடக்கின்றன. அவற்றைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை. இரண்டாம் பகுதியைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு ஈராண்டுகள் பிடித்தன என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் டெல்லியில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வரலாறு கற்பிக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள். தாத்தா காலத்தில் மத்திய அரசு வேலைக்கு வந்து ஆர்.கே.புரம், முனிர்கா, ஜனக்புரி என்று தங்கிவிட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வீட்டில் தமிழ், வெளியில் ஹிந்தி, பரீட்சைத் தாளில் ஆங்கிலம் என்று வளர்பவர்கள். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றில் எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், செயல்திட்டத்துக்கு 20. அந்த 20 மதிப்பெண்ணுக்காகப் பல ஆண்டுகளாக என் மேசைக்கு வந்தவை, கூகுளின் முதல் பக்கத்தில் கிடைத்ததை வண்ண அச்சில் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் செய்து, அட்டையில் ஜிகினா ஒட்டிய கோப்புகள்தாம். அவற்றைத் திருத்திச் சலித்த பிறகே தரவுத்தளங்களின் பக்கம் போனேன்.

ஓர் ஆண்டு, ஒரு குழுவுக்கு 1908-இன் தூத்துக்குடியைத் தலைப்பாகக் கொடுத்தேன். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908 பிப்ரவரி, மார்ச்சில் கோரல் ஆலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம், மார்ச்சில் அவர் கைதானதும் திருநெல்வேலி கொந்தளித்தது என்று தேடுவதற்குப் போதுமான பொருள் இருந்தது. ப்ரொஜெக்டரில், ஆய்விதழ்க் கட்டுரைகளின் இணையத் தொகுப்பான ஜேஸ்டோரைத் திறந்து, ஒரு மாணவியைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். அவள் தூத்துக்குடி என்பதை இன்றைய அரசு ஆங்கில எழுத்துக்கூட்டலில் அடித்தாள். உப்பளம், மீன்பிடிப்பு என்று அண்மைக்காலக் கட்டுரைகள் சில வந்தன. நாங்கள் தேடியது ஒன்றும் இல்லை. "மேம், தூத்துக்குடியில ஒண்ணுமே நடக்கலையாம்" என்றாள். வகுப்பு சிரித்தது.

ஆங்கிலேயர் எழுதிய 'டூட்டிகோரின்' என்ற பெயரை அடிக்கச் சொன்னேன், பட்டியல் நீண்டது. திருநெல்வேலியை 'டின்னவெல்லி' ஆக்கினோம், இன்னும் நீண்டது. பிறகு சிதம்பரம் பிள்ளைக்கு வந்தோம். பிள்ளை என்பதன் ஆங்கில வடிவம் 'ஐ' என்ற எழுத்தில் முடியுமா, 'ஒய்' என்ற எழுத்தில் முடியுமா, வ.உ. என்ற முதலெழுத்துகளுக்கு நடுவே புள்ளி வருமா, இடைவெளி வருமா என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் மணி அடித்துவிட்டது. ஒரு கட்டுரையைக்கூடத் திறக்கவில்லை. நாற்பது நிமிடம் வீணாயிற்று என்றே மெட்ரோவில் வீடு திரும்பும்போது நினைத்தேன். அந்த ஆண்டின் மிக நல்ல வகுப்பு அதுதான் என்பது அடுத்த வாரம் பிள்ளைகள் கேட்ட கேள்விகளில் தெரிந்தது.

கூகுள் நாம் தவறாக அடித்தாலும் நம் எண்ணத்தை ஊகித்து ஏதோ ஒன்றைக் கொடுத்துவிடும். நூலகத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் அப்படி ஊகிப்பதில்லை. ஒரு பொருளை எழுதியவரும் அதைப் பட்டியலிட்டவரும் எந்தப் பெயரால் அழைத்தார்களோ, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது எழுந்து வரும். ஆகவே தேடுசொல்லைக் கண்டுபிடிப்பது பாடத்துக்கு முந்திய ஆயத்தம் அன்று. வரலாற்று வகுப்பில் அதுவே பாடம்.

இது இன்னும் கூர்மையாகப் புலப்பட்ட இடம், தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் பட்டல்' தளம். ஜன்பத்தில் உள்ள அந்தக் காப்பகத்தின் கோப்புப் பட்டியலை வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். தளத்தில் நம் பெயரைப் பதிவு செய்துகொண்டு, மின்வடிவாக்கப்பட்ட கோப்புகளைப் படிக்கலாம். ஆனால் தலைப்புகள் எல்லாம் அந்தக் காலத்து அலுவலக எழுத்தர் இட்டவை. நாம் எழுச்சி என்பதை அவர் கலகம் என்றோ குழப்பம் என்றோ எழுதியிருப்பார். நாம் விடுதலைப் போராட்டம் என்பது அவருக்கு ராஜதுரோகம். பின்வரிசையில் இருந்த ஒரு பையன், "அவங்க வார்த்தையைப் போட்டாத்தான் அவங்க ஃபைல் கிடைக்குமா, மேம்?" என்று கேட்டான். பாடத்திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, இருபது நிமிடம் அவர்களைப் பேசவிட்டேன்.

டெல்லிப் பிள்ளைகளுக்கு இதை விளக்க 1857 சிப்பாய் எழுச்சி போதும்; பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் அது தனி அத்தியாயம். பழைய ஆவணங்களில் அதைத் தேட வேண்டுமானால் 'ம்யூட்டினி', அதாவது படைக்கலகம், என்றே அடிக்க வேண்டும். டெல்லியின் வடக்கு ரிட்ஜ் குன்றில், ஆங்கிலேயர் தம் தரப்பில் மாண்டவர்களுக்காக 1863-இல் எழுப்பிய நினைவுக் கோபுரம் நிற்கிறது. 1972-இல் அதற்கு அஜித்கட் என்று பெயர் மாற்றி, பழைய கல்வெட்டில் 'எதிரி' என்று குறிக்கப்பட்டவர்கள் அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போராடிய வீரர்களே என்று இன்னொரு பலகையை வைத்தார்கள். பள்ளிச் சுற்றுலாவில் அந்த இரண்டையும் பார்த்திருந்த பிள்ளைகளுக்கு, தேடுபெட்டியில் எந்தச் சொல்லை இடுவது என்ற சிக்கல் உடனே பிடிபட்டது.

இனி, எவை கிடைக்கின்றன என்ற கேள்விக்கு வருகிறேன்.

ஜேஸ்டோர் 1995-இல் நூலக அலமாரிகளில் இதழ்களுக்கு இடமில்லாமல் போன சிக்கலைத் தீர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. தனிநபர் கணக்கு இலவசம். அதில் 30 நாளுக்கு 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம், இறக்கிக்கொள்ள முடியாது. ஒரு வகுப்புக்கு இது தாராளம். அமெரிக்காவில் 1923-க்கு முன்பும் பிற நாடுகளில் 1870-க்கு முன்பும் வெளியான இதழ்களைக் கணக்கே இல்லாமல் படிக்க 2011-இல் திறந்துவிட்டார்கள். தெற்காசியத் திறந்த ஆவணத் தொகுப்பும் அதே தளத்தில் இருக்கிறது. காலனிய கால நிர்வாக அறிக்கைகளும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நூல்களும் அதில் இலவசம். ஆனால் பல இதழ்களின் கடைசி மூன்று முதல் ஐந்தாண்டு இதழ்கள் அங்கே இரா. சென்ற ஆண்டு வந்த கட்டுரையைத் தேடிக் காணவில்லையே என்று பிள்ளைகள் திகைப்பதற்குக் காரணம் இதுவே.

ஐஐடி காரக்பூர் நடத்தும் தேசிய மின்னணு நூலகம் 2018 ஜூன் 19 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கல்வி நிலை, மொழி, பாடம் என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி அங்கே நன்றாக உள்ளது. அது பெரும்பாலும் பிற களஞ்சியங்களுக்கு வழிகாட்டும் பலகை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அழுத்திக்கொண்டே போய்க் கடைசியில் கட்டணக் கதவின் முன் நிற்க நேர்ந்தால் பிள்ளைகள் அந்தத் தளத்துக்கு இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

நான் மிகுதியும் நம்புவது ஷோத்கங்காவை. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக வலையமைப்பு மையம் நடத்தும் இந்தத் தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இயல்வாரியாகத் தனித்தனிப் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடைக்கின்றன. தமிழில் எழுதப்பட்டவையும் உண்டு. தரம் ஏறியும் இறங்கியும் இருக்கும். சில ஆய்வேடுகளின் முன்னுரையைப் படித்ததுமே மூடிவிடத் தோன்றும். ஆனாலும் ஒரு வித்தை சொல்கிறேன்: இயல்களை விட்டுவிட்டு, கடைசியில் இருக்கும் துணைநூற்பட்டியல் கோப்பை முதலில் திறங்கள். ஒருவர் பல ஆண்டுகள் அலைந்து திரட்டிய ஆவண எண்கள், அரசாணைகள், பழைய செய்தித்தாள்கள், அந்தக் காலத்து எழுத்துக்கூட்டல்கள் எல்லாம் பத்துப் பதினைந்து பக்கங்களில் அங்கே இருக்கும். எங்கள் தூத்துக்குடிக் குழு தன் தேடுசொற்களில் பாதியை அப்படிப்பட்ட ஒரு பட்டியலிலிருந்துதான் எடுத்தது.

தமிழ் மூலங்களுக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் போதுமானவை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் காட்டிவிடுவது நல்லது. மதுரைத் திட்ட நூல்கள் ஒருங்குறியில் கிடைக்கும் உரைகள். ஒரு சொல்லைப் போட்டு நூல் முழுவதும் தேடலாம். மின்னூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். நூல் பெயர், ஆசிரியர் பெயர் கொண்டு எடுத்து, பிறகு கண்ணால்தான் புரட்ட வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் வரும் 'ணை', 'லை', 'றா' ஆகியவற்றின் பழைய வடிவங்களைக் கண்டு எங்கள் பிள்ளைகள் முதலில் மிரண்டார்கள். ஒரு பையன் அவற்றை வீட்டில் பாட்டியிடம் காட்டிப் படித்துக்கொண்டு வந்தான். பாட்டிக்கு அன்று பெருமை பிடிபடவில்லை என்று கேள்வி. சொற்பொருளில் ஐயம் வந்தால், 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

கட்டணத் தளங்களைப் பற்றிச் சுருக்கமாக: 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில் திறந்துவிடுகிறது, அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது, பள்ளிகளுக்கு அன்று. தனியார் நிறுவன விற்பனையாளர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்து ஒரு மாதச் சோதனைச் சந்தா கொடுத்தார். பள்ளி வளாகத்துக்குள் மட்டுமே அது திறக்கும் என்பதைச் சொல்லாமலே போய்விட்டார். பிள்ளைகள் வேலை செய்வதோ இரவு பத்து மணிக்கு வீட்டில். சந்தா வாங்குவதற்கு முன் இந்த ஒரு கேள்வியை மட்டுமாவது கேட்டுவிடுங்கள்.

கணினி அறையில் எனக்கு நேர்ந்த இன்னொரு சங்கடமும் உங்களுக்கு உதவலாம். நாற்பது பேரையும் ஒரே நேரத்தில் ஒரு தளத்தில் பதிவு செய்யச் சொன்னேன். ஒரே இணைய முகவரியிலிருந்து இத்தனை கோரிக்கைகள் வந்ததைத் தாக்குதல் என்று எண்ணியோ என்னவோ, தளம் எங்களை அன்று முழுவதும் வெளியே நிறுத்திவிட்டது. அதன்பின் முந்தின வாரமே வீட்டில் பதிவு செய்துவரச் சொல்கிறேன். வகுப்பில் நாலு பேருக்கு ஒரு கணினி, ஒரு வகுப்புக்கு ஒரு தளம், ஒரே கேள்வி. முதல் நாள் இரவு அந்தக் கேள்வியை நானே தேடிப் பார்த்து, எங்கே வழி அடைபடுகிறது என்று குறித்துக்கொள்ளாமல் வகுப்புக்குள் நுழைவதில்லை.

கிடைத்த பக்கங்களை நகலெடுத்துக் கொடுக்கலாமா என்று ஆசிரியர்கள் தயங்குவது உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரும் மாணவரும் படியெடுப்பதற்கு இடமளிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த நகலகம் ஒன்றின் மீது மூன்று பெரிய பதிப்பகங்கள் 2012-இல் தொடுத்த வழக்கில், டெல்லி உயர்நீதிமன்றம் 2016-இல் இந்தப் பிரிவின் அடிப்படையிலேயே பாடத்தொகுப்புகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. வகுப்புக்கு வேண்டிய அளவு நகலெடுப்பது வேறு, முழு நூலை இணையத்தில் ஏற்றிவிடுவது வேறு என்பதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன்.

இப்போது செயல்திட்டக் கோப்போடு ஒரு தேடல் குறிப்பேட்டையும் கேட்டு வாங்குகிறேன். எந்த நாள், எந்தத் தளம், எந்தச் சொல், எத்தனை முடிவுகள், அடுத்து ஏன் சொல்லை மாற்றினாய் என்ற ஐந்து நெடுவரிசைகள் கொண்ட சாதாரண நோட்டு. வாய்மொழித் தேர்வில் அதிலிருந்துதான் கேள்வி கேட்பேன். இந்த ஆண்டு ஒரு மாணவியின் நோட்டில், தேசிய ஆவணக் காப்பகத் தளத்துக்கான வரியில் முதலில் 'சுதந்திரப் போராட்டம்' என்று இருந்தது. அதை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'ராஜதுரோகம்' என்று எழுதி, காரணத்துக்கான நெடுவரிசையில் பென்சிலால் 'கிளார்க் வெள்ளைக்காரனிடம் சம்பளம் வாங்கினார்' என்று குறித்திருந்தாள்.