கடைசி 145 கிலோமீட்டரை ஒரே நாளில் முடிக்கலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருந்து ஒன்பது பேர் கிளம்பி, கன்னியாகுமரியில் தொடங்கி வேலூர் கோட்டை வரை சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறோம். இப்போது விழுப்புரத்தை நெருங்கிவிட்டோம். திருவண்ணாமலையில் தங்கி மறுநாள் வேலூர் போவது திட்டம். பையன்கள் இரண்டு பேர் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார்கள். 52 வயதான என் மாமாவுக்கு முழங்கால் முன்பக்கம் வலி, சுண்டுவிரல் மரத்துப் போகிறது. கூடவே டாடா ஏஸ் வண்டி வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வேண்டாம். பையன்களின் காலுக்கு 145 கிலோமீட்டர் பெரிய விஷயமில்லைதான். ஆனால் இத்தனை நாள் மிதித்த பிறகு, மனசு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விடும். அந்த நிலையில் மதியத்துக்கு மேல், வெயிலில் காய்ந்த பாறை மலைகளுக்கு நடுவே வேலூரை நோக்கி ஓட்டி, மாலை நெரிசலில் ஊருக்குள் நுழைவது எனக்குச் சரியாகப் படவில்லை.

திருவண்ணாமலையில் இருந்து வேலூர் சுமார் 83 கிலோமீட்டர். விடிவதற்கு முன், ஐந்து மணிக்கு விளக்கு போட்டுக் கிளம்பினால், மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில், போளூர், சந்தவாசல், கண்ணமங்கலம் என்று மூன்று இடத்தில் நின்றாலும் பதினொரு மணிக்குள் கோட்டை முன்னால் இருக்கலாம். ஒன்றை மட்டும் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தங்கும் இரவு பௌர்ணமியாக இருந்தால் திருவண்ணாமலையை மறந்துவிடுங்கள். கிரிவலக் கூட்டத்தில் ரூமும் கிடைக்காது, சைக்கிள் போக ரோடும் கிடைக்காது. செஞ்சியில் இருந்து சேத்துப்பட்டு வழியாகப் போளூர் போய்த் தங்கலாம். மறுநாள் தூரமும் குறையும்.

இனி மாமா. முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது என்றால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும், அல்லது கனமான கியரில் அழுத்தி மிதிப்பார். சீட்டை மூன்று நான்கு மில்லிமீட்டர் மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் கடைசி நேரத்தில் மாற்றினால் வேறு இடத்தில் வலி வரும். லேசான கியரில், நிமிடத்துக்கு 80 சுற்றுபோல கால் சுழலட்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்ட விடாதீர்கள்: வலி மறையும், காயம் மறையாது. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் சில மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். முட்டி வீங்கினாலோ, மடக்கி நீட்ட முடியாமல் சிக்கினாலோ அன்றைக்கு அவர் ஏஸில்தான் வரவேண்டும். தன்மானப் பிரச்சினை வந்தால், கண்ணமங்கலம் வரை வண்டியில் கூட்டிவந்து, முட்டி இடம் கொடுத்தால் கடைசி 20 சொச்சம் கிலோமீட்டர் மட்டும் கூட ஓட்டச் சொல்லலாம்.

விரல் மரத்துப் போவதற்குக் காரணம், உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம் ஓடும் அல்நார் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குவது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சரிந்து பாரமெல்லாம் கைக்குப் போகும். அதை மட்டம் பாருங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றட்டும். பிரேக்கை அழுத்தப் பலமில்லை என்றால் அதற்கு மேல் ஓட்டக்கூடாது.

அணிவகுப்பை மாற்றுங்கள். மெதுவாகப் போகிறவர் முன்னால், அவசரப்படும் பையன்களில் ஒருவர் கடைசியில். இன்னொருவரை மாமா பக்கத்தில் போடுங்கள், கொஞ்சம் அடங்குவார். முன்னால் போகிற சைக்கிளின் பின்சக்கரத்தை ஒட்டி உங்கள் முன்சக்கரத்தைக் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் உரசினால் விழுவது பின்னால் வருபவர்தான். களைத்துப்போன கூட்டத்தில் இது சுலபமாக நடக்கும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுப்படி, வழக்கமாக ஒரு லிட்டர் தண்ணீரில், கரைத்துக் குடியுங்கள். சும்மா தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறையலாம். பிரேக் கட்டைகளை முந்தின இரவே பாருங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

அடுக்கம்பாறை தாண்டியதும் ஒற்றை வரிசை. பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் திடீரென ஓரம் கட்டும். எதிர்த்திசையில் பைக் வரும். அப்புறம், மாலையோடு காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு இப்போதே போன் போட்டு, ரோட்டோரத்தில் நின்று கைகாட்டி நிறுத்த வேண்டாம், கோட்டை வாசலில் நிற்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். முன்னால் போகிறவர் சட்டென நின்றால் பின்னால் எட்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் மோத வேண்டியதுதான்.