ஒரே பெயருக்குள் பத்து பட்டாம்பூச்சி: ஒரு ஸ்கிப்பர் பேரினம் பற்றிக் கேள்வி பதில்

கே: அக்கா, அஸ்ட்ராப்டிஸ் ஃபுல்ஜெரேட்டர் என்று படித்தது இப்போது டெலிகோனஸ் ஃபுல்ஜெரேட்டர் என்று வருகிறதே. இரண்டும் ஒன்றா?

ப: ஒன்றுதான் தம்பி. உயிரியலாளர் நிக் கிரிஷின் குழு 2019-இல் 250 ஸ்கிப்பர் (விருட்டென்று தாவிப் பறக்கும் ஒரு பட்டாம்பூச்சிக் குடும்பம்) இனங்களின் முழு மரபணுத் தொகையை ஒப்பிட்டது. இறக்கைக் கோலத்தைப் பார்த்து உறவு என்று நினைத்த பலவும் தூரத்துச் சொந்தம் என்று தெரிந்தது. அப்படி மறுபடி அடுக்கியதில் டெலிகோனஸ் தனிப் பேரினமாக நிற்கிறது. பெயர் புதிதல்ல, ஹூப்னர் 1819-லேயே வைத்தது.

கே: இந்த ஃபுல்ஜெரேட்டருக்குள் பத்து சிற்றினம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ப: எல்லோரும் டி.என்.ஏ. பார்கோடைத்தான் (ஒரு சிறு மரபணுத் துண்டைப் படித்து இனத்தை அடையாளம் காணும் முறை) புகழ்வார்கள். என் கணக்கில் பெரும்பங்கு கம்பளிப்புழுவுக்கு! கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்தே காடுகளில் சூழலியலாளர்கள் டேனியல் ஜான்செனும் வின்னி ஹால்வாக்ஸும் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் புழு பிடித்து வளர்த்தார்கள். 1775-இல் விவரிக்கப்பட்ட இந்த 'ஒரே' பூச்சியின் புழுக்களில் சில செல்டிஸ் இலையைத் தின்றன, சில டிரைகோனியாவைத் தின்றன. புழுவின் நிறமும் பெரும்பாலும் வேறு. வளர்ந்த பூச்சியோ கிட்டத்தட்ட அச்சு அசல். ஸ்கிப்பர்களைப் பிரிக்க வழக்கமாகக் கைகொடுக்கும் இனப்பெருக்க உறுப்பிலும் வித்தியாசம் இல்லை. அந்த வேலையில் கைதேர்ந்த ஜான் பர்ன்ஸே கூட இருந்தும் பயனில்லை. பிறகு பார்கோடு ஆய்வாளர் பால் ஹெபர்ட், பார்கோடாகப் பயன்படும் மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்குள் ஆற்றல் தரும் உறுப்பு) சி.ஓ.1 மரபணுவைப் படித்தார். புழுவும் இலையும் முன்பே சொன்ன பிரிவுகளோடு அது பெரும்பாலும் ஒத்துப்போனது. 2004-இல் கட்டுரை வந்தது. அதில் பிரிவுகளுக்கு முறையான பெயர் இல்லை. 'செல்ட்', 'டிரைகோ' என்று இலையை வைத்துச் செல்லப்பெயர்தான்.

கே: மேடம், ஒரு மரபணுவில் நாலு எழுத்து மாறினால் புது இனமா?

ப: சரியான சந்தேகம். பூச்சியியலாளர் ஆண்ட்ரூ புரோவர் 2006-இல் இதையேதான் கேட்டார். அதே தரவை மறுபடி அலசி, சிற்றினங்கள் மூன்றுக்குக் குறையாது, ஏழுக்கு மேல் போகாது என்றார். வேடிக்கை என்னவென்றால், 2010-இல் பத்துக்கும் முறைப்படி பெயர் வைத்தவரும் அவரே. 'இது கெட்ட முன்னுதாரணம்' என்று தலைப்பிலேயே எழுதிவிட்டு வைத்தார்! இலை, புழு, மரபணு மூன்றும் ஒத்துப்போகும் பிரிவை நான் தயங்காமல் ஏற்பேன். சி.ஓ.1 மட்டும் சொன்னால் பொறுத்திருப்பேன்.

கே: நம்மூரில் பார்க்கலாமா?

ப: முடியாது. இது அமெரிக்கக் கண்டங்களின் பூச்சி.

கே: கோஸ்டா ரிக்காவில் எடுத்த படம் இருக்கிறது. நீல உடம்பு, முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டை. பத்தில் எது?

ப: படத்தை வைத்துச் சொல்ல முடியாது. 'ஃபுல்ஜெரேட்டர் கூட்டம்' என்று மட்டும் குறித்து வையுங்கள். புழுவும் அது தின்ற செடியும் படத்தில் இருந்தால் அனுப்புங்கள், பார்க்கிறேன்.