பாட்டா நடிப்பா? முதல்ல அந்தப் பேப்பரைப் படிங்க ப்ரோ
ஆறு பாட்டு யூடியூப்ல போட்டிருக்கேன், ஒரு குறும்படத்துல நடிக்கக் கூப்பிடறாங்க, ஆனா என் பாட்டு ஒண்ணை "முழு உரிமை"ன்னு எழுதிக் கேக்கறாங்க, என்ன பண்ணனு கேட்டிருந்தீங்க. நடிங்க, அதுல யோசிக்கவே வேணாம். ஹிப்ஹாப் ஆதியையே எடுத்துக்கங்க, 2012ல தனி ஆல்பம், 2015ல ஆம்பள படத்துக்கு மியூசிக், 2017ல மீசைய முறுக்கு எழுதி டைரக்ட் பண்ணி தானே ஹீரோவாவும் நின்னார், கதையும் பாட்டு பாட்டுன்னு அலையற ஒரு பையனோடதுதான்.

ஆனா கையெழுத்துல அவசரப்படாதீங்க. 2012 காப்பிரைட் திருத்தத்துக்கு அப்புறம், படத்துல வர்ற பாட்டை எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் தன் ராயல்டியை (பாட்டைப் பயன்படுத்தறப்போ வர்ற பங்குப் பணம்) படம் எடுக்கறவங்களுக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது, தியேட்டர்ல படத்தோட ஓடறதைத் தவிர மத்ததுக்கெல்லாம் பாதிப் பங்கு உண்டு. உரிமை எத்தனை வருஷத்துக்குன்னு பேப்பர்ல போடலைன்னா 5 வருஷம்னுதான் சட்டம் எடுத்துக்கும், அதனாலதான் "நிரந்தரமாக"ன்னு ஒரு வார்த்தையை நைசா நடுவுல சொருகுவாங்க, அதை அடிக்கச் சொல்லி "இந்தப் படத்துக்கு மட்டும்"னு சேருங்க.

நான் டீக்கடை பெஞ்சுல வச்சு படிக்காம சைன் போட்டவன். இப்ப என் பாட்டை என் சேனல்ல ஏத்துனா எனக்கே காப்பிரைட் க்ளெய்ம் வருது.